மீளுருக்கொள்ளும் உயிரிகள்: டிஜிமொன் தொடர்களிற் பின்மாற்றம் பற்றிய ஒரு நோக்கு

உருமாற்றம் என்னும் பொருள் நமது இலக்கிய ஆய்வுக்குப் புதியதன்று. சாபத்தாற் கல்லானவள், வேலாற் பிளவுண்டு மயிலும் சேவலும் ஆனவன், எரிந்து உருவிழந்து மீண்டவன் எனப் புராணங்களும் நாட்டார் கூத்துகளும் தந்துள்ள உருவங்கள் பல. எனினும் அவற்றைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் உரு மாறுகின்ற கணத்தையே நோக்கியுள்ளனர். மாறிய உரு பழைய நிலைக்குத் திரும்பும் கணம் கதையின் முடிவாக, சாபவிமோசனமாக, ஒரு வரியிற் கடந்து செல்லப்படுவதே வழக்கம். அவ்வாறு திரும்புதலையே தனது அன்றாட விதியாகக் கொண்ட ஒரு கதைத்தொகுதியை இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம். 1997இல் யப்பானிலே ஒரு விளையாட்டுக் கருவியாகத் தோன்றி, 1999 முதல் தொலைக்காட்சித் தொடராகவும், பின்னர் திரைப்படங்கள், சீட்டுக்கட்டுகள், கணினி விளையாட்டுகள் எனவும் பெருகிய டிஜிமொன் அது.

சிறுவர் கார்ட்டூனை ஆய்வேட்டுக்குக் கொண்டுவருவதா எனப் புருவம் உயர்த்துவோர் இருப்பர். நாட்டார் பாடல்களும் கூத்தும் பல்கலைக்கழக வாயிலில் நின்ற காலத்திலும் இதே வினா எழுப்பப்பட்டது என்பதை மட்டும் அவர்களுக்கு நினைவூட்டிவிட்டு மேலே செல்லலாம். கோடிக்கணக்கான சிறுவர்கள் உலகெங்கும் ஒரு கதையினூடாக வளர்ச்சி, வீழ்ச்சி, களைப்பு, மரணம் ஆகியவற்றை முதன்முதலாக அறிகின்றனர் எனின், அக்கதை எத்தகைய வளர்ச்சியை அவர்களுக்குக் காட்டுகிறது என்று கேட்பது விமரிசனத்தின் கடமையாகும்.

முதலிற் சொற்பொருள். உயிரியலில் நாம் கூர்ப்பு என வழங்குவதை யப்பானியர் ‘சிங்கா’ என்பர். தலைமுறைகள் பலவற்றினூடே ஓர் இனம் மாறுவதைக் குறிக்கும் இச்சொல்லை, தனியோர் உயிரி தன் வாழ்நாளிலே உரு மாறுவதற்கு வழங்கியது 1996இல் வெளிவந்த போக்கெமொன் விளையாட்டு. உண்மையில் அங்கு நிகழ்வது பூச்சிகளுக்குரிய உருத்திரிபே. அவ்விளையாட்டை ஆக்கிய சதோஷி தஜிரி சிறுவயதிற் பூச்சி சேகரித்தவர் என்பதும் இதற்குப் பொருந்துகிறது. விவசாயப் பாடசாலையாற் பெயர்பெற்ற குண்டசாலையில் இருந்து இதனை எழுதும் நமக்கு, பூச்சியின் வாழ்க்கை வட்டம் வெறும் ஏட்டுச் செய்தியன்று. முட்டை புழுவாகும், புழு கூட்டுப்புழுவாகும், கூட்டுப்புழு வண்ணத்துப்பூச்சியாகும். வண்ணத்துப்பூச்சி மறுபடி புழுவாவதில்லை. போக்கெமொனும் இவ்விதியையே பெரிதும் பின்பற்றுகிறது. ஒரு முறை கூர்ப்படைந்தது அவ்வாறே நிற்கும். மாறவேண்டாம் எனில் முன்னரே தடுக்கவேண்டும். 2013இல் ‘மெகா’ உருமாற்றம் புகுத்தப்பட்ட பின்னரே, போர் முடிந்ததும் பழைய உருவுக்கு மீள்தல் என்பது அங்கு ஒரு நிலையான இடத்தைப் பெற்றது.

டிஜிமொனின் விதி வேறு. அங்கு உயிரி சண்டைக்காக உயர்ந்த உருவை எடுக்கிறது. சண்டை முடிந்ததும் தாழ்ந்த உருவுக்குத் திரும்புகிறது. இத்திரும்புதலுக்கு யப்பானிய மொழியில் வழங்கும் சொல் ‘தைக்கா’. சிதைவு, சீரழிவு, பின்னடைவு என்னும் நிழல்கள் படிந்த சொல் அது. ஆயினும் தொடரிலே அச்சொல்லுக்குரிய காட்சி பெரும்பாலும் ஒரு சிறு உயிரி நிலத்தில் விழுந்து, பசிக்கிறது என்று முனகுவதுதான். சொல்லுக்கும் காட்சிக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியே நமது கவனத்துக்குரியது. தமிழில் இதனைப் பின்மாற்றம் எனலாம். மீளுருக்கொள்ளல் எனவும் கூறலாம். இரண்டும் ஒன்றல்ல என்பது பின்னர் தெளிவாகும்.

பின்மாற்றம் ஏன் தோன்றிற்று என்பதற்கு முதலிற் பொருளாதாரக் காரணத்தைக் கூறிவிடுதல் நேர்மையாகும். பண்டாய் நிறுவனம் 1996இல் வெளியிட்ட தமகொச்சி என்னும் கைக்கருவிக்குத் துணையாக, இரு கருவிகளை இணைத்துச் சண்டையிடக்கூடியதாய் 1997இல் வந்ததே டிஜிமொன். கருவியிலுள்ள உயிரி வளரும், மூப்படையும், இறக்கும். மறுபடி முட்டையிலிருந்து தொடங்கும். அங்கு பின்மாற்றம் இல்லை; மரணமும் மறுதொடக்கமுமே உண்டு. வாரந்தோறும் ஒளிபரப்பாகும் தொடராக அது மாறியபோதோ, ஒவ்வொரு வாரமும் உயிரி புதிதாக உரு மாறவேண்டியதாயிற்று. மாறுவதற்கு முதலில் மாறாத நிலையில் நிற்கவேண்டும். எனவே ஒவ்வொரு வாரமும் அது திரும்பவேண்டும். உருமாறும் பொம்மையை மடித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் சிறுவனின் கையசைவும் இதனுடன் சேர்ந்தது. விற்பனையின் தேவையே இவ்விதியைப் பிறப்பித்தது எனலாம். ஆனால், ஒரு வடிவம் எங்கிருந்து பிறந்தது என்று காட்டிவிட்டால் அதன் பொருள் முழுவதையும் கூறிவிட்டதாகக் கருதும் எளிய பொருள்முதல்வாதம் நமக்கு உடன்பாடானதன்று. கூலிக்குப் பாடப்பட்ட பாட்டிலும் பாடியவனின் மூச்சு இருக்கும்.

1999இல் வெளிவந்த முதற்றொடராகிய ‘டிஜிமொன் அட்வெஞ்சர்’ இவ்விதியை எவ்வாறு கையாண்டது என்று நோக்குவோம். அகுமொன் என்னும் சிற்றுயிரி கிரேமொன் ஆகிப் பொருதுகிறது. பின் அகுமொனாகத் திரும்புகிறது. அதற்கு மேலும் ஒரு படி உயர்ந்து மெட்டல்கிரேமொன் ஆனதும், திரும்புகையில் அகுமொன் நிலையிலும் நிற்க இயலாமல், அதற்கும் முந்திய கொரோமொன் என்னும் குழந்தை நிலைக்கு வீழ்கிறது. எவ்வளவு உயரம் ஏறிற்றோ அவ்வளவுக்கு இறக்கமும் ஆழமானது. இது கதையாசிரியர்கள் விளக்கிக் கூறும் தத்துவமன்று. காட்சிகளினூடே பார்வையாளன் தானே உணர்ந்துகொள்ளும் கணக்கு. உரு என்பது உடைமையாகச் சேர்வதில்லை. செலவாகிறது. செலவழித்ததை உணவும் உறக்கமுமே மீட்டுத் தரும். பசித்த உயிரி உரு மாற முடியாது என்பது இத்தொடரில் மீண்டும் மீண்டும் வரும் உண்மை. சிறுவர்கள் உணவு தேடி அலையும் நேரம் சண்டையிடும் நேரத்துக்குக் குறைந்ததன்று என்று தோன்றுமளவுக்கு அது வற்புறுத்தப்படுகிறது.

உழைப்புச் சக்தியின் மறுஉற்பத்தி பற்றி அறிந்தோர்க்கு இக்கணக்குப் புதிதன்று. ஒரு நாள் உழைப்பில் தீர்ந்துபோகும் உடல், மறுநாள் காலை பழைய நிலையில் மலையேற வேண்டும். அதற்கு வேண்டிய அளவே கூலி. 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிடப்பட்ட நாளிலிருந்து இம்மலைநாட்டின் லயன் அறைகளில் இரவுதோறும் நிகழ்ந்துவருவது இதுவே. ஒப்புமையை மிகைப்படுத்த நாம் விரும்பவில்லை. டிஜிமொன் தொழிலாளியைப் பற்றிய கதையன்று. அதில் கூலியும் இல்லை, கங்காணியும் இல்லை. ஆயினும் களைப்பை வெட்கத்துக்குரியதாகக் காட்டாத, களைத்த உடலைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளும் ஒரு சாகசக்கதை அருமையானது. வீரன் சாய்வது மரணத்தில் மட்டுமே என்பதுதான் சாகசக்கதைகளின் பொதுமரபு.

தொடரின் பதினாறாம் அங்கம் இவ்வகையில் தனித்து ஆராயத்தக்கது. தலைமைச் சிறுவனாகிய தாய்ச்சி, தன் அகுமொன் மற்றவற்றுக்கு முன்னர் அடுத்த படிக்கு உயரவேண்டும் என்னும் அவசரத்தில், அதற்கு அளவுக்கு மீறி உணவூட்டுகிறான். களத்திலே, தன்னையே ஆபத்துக்குட்படுத்தி அதனை மாறும்படி நெருக்குகிறான். அது மாறவும் செய்கிறது; ஆனால் எலும்புக்கூடாகிய ஸ்கல்கிரேமொனாக. நண்பர் பகைவர் என்ற வேறுபாடின்றி அழித்துத் திரிந்து, வலு தீர்ந்ததும் கொரோமொனாக விழுகிறது. விழுந்தது பேசும் முதற்பேச்சு மன்னிப்புக் கேட்பதாக இருப்பதுதான் கொடுமை. தவறு அதனுடையதன்று. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் நமது வீடுகளில் இந்த அங்கத்தைப் பெற்றோரும் உடனிருந்து பார்க்கலாம். பத்து வயதுப் பிள்ளை சித்தியடையாத நாளில் யாரிடம் மன்னிப்புக் கேட்கிறது என்பதை அறியாதவர் யார்? வளர்ச்சியை ஏணியாக மட்டும் கண்டு, இறங்குவதற்குப் படியே வைக்காத கல்விமுறை ஒன்றில் வாழும் பிள்ளைக்கு, இறங்கலாம், இறங்கி உண்டு உறங்கி மறுபடி ஏறலாம் என்று கூறும் கதை அற்பமானதன்று.

இங்கு ஒரு வேறுபாட்டை வலியுறுத்தவேண்டும். மேனாட்டுச் சிந்தனையில், சிறப்பாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், முந்திய உருவுக்குத் திரும்புதல் என்பது பேரச்சமாக இருந்தது. 1876இல் இத்தாலியரான லொம்புறோசோ, குற்றவாளி என்பவன் ஆதிமனித நிலைக்குப் பின்னடைந்தவன் என நூல் எழுதினார். 1886இல் ஸ்டீவன்சனின் ஜெக்கில், ஹைட் ஆகித் திரும்பவியலாது மாண்டான். குடியேற்ற நாடுகளின் மக்களைக் கூர்ப்பின் கீழ்ப்படியில் நிறுத்திய ஆட்சி, தன் மனிதர் அப்படிக்குச் சரிந்துவிடுவரோ என நடுங்கியது இயல்பே. 1893இல் பெல்ஜிய விஞ்ஞானி டொல்லோ, கூர்ப்பு வந்த வழியே அப்படியே திரும்பாது என்று ஒரு விதி கூறினார். அது விஞ்ஞானம், முன்னையது வர்க்கத்தினதும் நிறத்தினதும் அச்சம். இரண்டையும் ஒன்றாகக் குழைத்தமையாலேயே பின்மாற்றம் என்ற சொல் இன்றும் கறைபட்டு நிற்கிறது. தனியுயிரின் வாழ்நாளைப் பொறுத்தவரை இயற்கை அவ்வளவு கண்டிப்பானதும் அன்று. துரிட்டொப்சிஸ் என்னும் சிறு நுங்குமீன், முதிர்ந்த பின்னரும் நெருக்கடி நேர்ந்தால் தன் இளம் நிலைக்குத் திரும்பவல்லது.

நமது மரபு பின்மாற்றத்தை எவ்வாறு கண்டது? பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை ‘கந்தபுராண கலாசாரம்’ என்று பெயரிட்ட ஒரு வாழ்வின் மையத்திலிருந்தது கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம். அதன் யுத்த காண்டத்தில், சூரபன்மன் புள்ளாகவும் இருளாகவும் பிறவாகவும் உருக்கொள்கிறான். ஈற்றில் கடல் நடுவே மாமரமாகிறான். மரம் பிளவுண்டதும் தன் பழைய அசுர வடிவில் வாளேந்தி எதிர்க்கிறான். அவ்வடிவமே வேலாற் பிளக்கப்பட்டு மயிலும் சேவலுமாகிறது. இங்கே மீளுருக்கொள்ளல் உண்மையின் வெளிப்பாடு. மாயவுருக்கள் யாவும் கழன்ற பின் எஞ்சுவது அவனது ஆணவம். அந்த உண்மையுருவிலேதான் அவன் ஆட்கொள்ளப்படமுடியும். கோயில்களில் ஐப்பசிக் கந்தசட்டியின்போது நிகழும் சூரன் போரைக் கண்டோர் இதன் மறுபக்கத்தை அறிவர். ஒரே உடலில் யானைத்தலை, சிங்கத்தலை, சூரன் தலை என மாற்றி மாற்றிப் பொருத்துவர். போர் முடிந்ததும் தலைகள் யாவும் பெட்டிக்குள் செல்லும். அடுத்த ஐப்பசியிலே சூரன் பழைய உருவில் மறுபடி எழுந்து ஓடிவருவான், தோளிற் சுமப்போர் வியர்ப்பர், சிறுவர் கூச்சலிடுவர். ஆண்டுத்தொடர் என்பதை யப்பானியர் நமக்குக் கற்பிக்கவேண்டியதில்லை.

மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்தில் ஆடப்படும் காமன் கூத்து இன்னொரு வழியைக் காட்டுகிறது. எரிந்த காமன் மீள்கிறான். ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டுமே உருவுடையவனாக. பழைய உரு முழுமையாகத் திரும்புவதில்லை. இழப்பின் ஒரு பகுதி இழப்பாகவே நிற்கிறது.

குண்டசாலையை அண்டிய அமுனுகமவிலுள்ள தெகல்தொருவைக் குகை விகாரையையும் இங்கு குறிப்பிடாமல் அப்பாற் செல்லவியலாது. கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் (1747–1782) காலத்தொடு சேர்த்தெண்ணப்படும் அவ்விகாரையின் சுவரோவியங்களில் சுதசோம சாதகமும் ஒன்று. மனித ஊனைச் சுவைத்த அரசன் ஒருவன் அதைவிட இயலாது, நாடிழந்து, காட்டிலே நரமாமிசம் உண்பவனாகத் திரிகிறான். முற்பிறப்பில் அவன் ஓர் இயக்கனாக இருந்தான் என்பது கதை. ஆகவே அவனுடைய வீழ்ச்சியே ஒரு பின்மாற்றம். அவன் பிடித்துச்செல்லும் சுதசோமன், அளித்த வாக்கின்படி தானாகவே திரும்பிவந்து, தன் சொல்லால் அவனை மறுபடி மனிதனாக்குகிறான். அதுவும் ஒரு பின்மாற்றம். இயக்கனுக்குத் திரும்புதல், மனிதனுக்குத் திரும்புதல் என்னும் இரண்டும் ஒரே உடலில் நிகழ்கின்றன. எது முந்திய உரு என்று கேட்டால் கதை ஒற்றை விடை தராது. எவ்வுருவுக்குத் திரும்புவது என்பது பழக்கத்தினாலும் உறவினாலும் தீர்மானிக்கப்படுகிறது. டிஜிமொன் தொடரின் சிறந்த பகுதிகளிலும் இதுவே நிகழ்கிறது என்பது நமது கருத்து. பின்மாற்றம் சீரழிவா, மீட்சியா என்பதைத் திரும்பிய உயிரியை எடுத்து வைத்துக்கொள்ள யார் இருக்கிறார் என்பதே தீர்மானிக்கிறது. பின்மாற்றம், மீளுருக்கொள்ளல் என்று இரு சொற்களை முன்னர் வேறுபடுத்தியது இதனாலேயே.

2001இல் சியாக்கி கொனக்கா எழுதிய ‘டிஜிமொன் டேமர்ஸ்’ இச்சிக்கலை மிக ஆழமாக எடுத்துக்கொண்ட தொடர். அதில் கில்மொன் முதன்முறை பேருருக் கொண்டதும் திரும்பமுடியாமல் நின்றுவிடுகிறது. வெற்றிக்குப் பின் நகரத்தின் நடுவிலே அவ்வளவு பெரிய உடலை எங்கே ஒளிப்பது என்று சிறுவர்கள் திண்டாடுவது நகைச்சுவையாகவே காட்டப்படுகிறது. ஆனால், பேருருவுக்குச் சமுதாயத்தில் இடமில்லை என்னும் செய்தி அந்நகைச்சுவையின் அடியில் ஓடுகிறது. இறுதியிலோ நகைச்சுவைக்கு இடமில்லை. நகரத்தை விழுங்கவரும் டி-ரீப்பர் என்பது ஆதியில் மிகையான தரவுகளை அழிப்பதற்கு எழுதப்பட்ட ஓர் எளிய நிரல். அது தானே வளர்ந்து பூதமாகிவிட்டது. அதனை வெல்ல விஞ்ஞானிகள் கண்ட வழி, அதன் வளர்ச்சியைப் பின்னோக்கிச் செலுத்தி ஆதிநிலைக்குக் கொண்டுசெல்வது. திட்டம் வெற்றி பெறுகிறது. ஆனால் டிஜிமொன்களும் தரவுகளால் ஆனவையே. வென்ற மாலையிலேயே அவை ஒவ்வொன்றாகக் குழந்தை நிலைக்குச் சுருங்கித் தம் உலகுக்கு இழுக்கப்படுகின்றன. கில்மொன், கிகிமொன் என்னும் சிறு உருண்டையாகி, சிறுவனாகிய தக்காத்தோவின் கையிலிருந்து பிரிகிறது. சிறுவரில் ஒருவனின் தந்தை இது நேரும் என்று முன்னரே அறிந்திருந்தார். பூதத்தைச் சிறிதாக்கும் பொறி நண்பனையும் சிறிதாக்கும். பொறிக்குப் பகையும் நட்பும் தெரியாது. முன்னேறிய நாடொன்றின் தொழில்நுட்பத்தைப் பற்றி அந்நாட்டுக் கார்ட்டூன் ஒன்று கூறிய கடுமையான வார்த்தைகளுள் இது ஒன்றாகும்.

இவ்வளவு கூறிய பின், தொகுதி முழுவதையும் போற்றிவிடலாகாது. 2015இல் வந்த ‘சைபர் ஸ்லூத்’ விளையாட்டைப் பாருங்கள். அங்கு ஆடுபவர் தம் டிஜிமொனைத் தாமே பின்மாற்றம் செய்யலாம். ஒவ்வொரு முறை இறக்கும்போதும் அதன் ஆற்றல் அளவு உயர்கிறது. மிகவுயர்ந்த உருக்களை எட்ட அவ்வாறு பலமுறை ஏற்றி இறக்குவது அவசியமாகிறது. களைப்பாக இருந்தது முதலீடாகிவிட்டது. 1999இல் திரும்பி விழுந்த உயிரிக்கு உணவு தேடினார்கள். இங்கு அதனைத் தட்டி மறுபடி தொடங்குகிறார்கள், இலாபம் கருதி. பயிற்சிப்பட்டறை, மறுபயிற்சி, மறுபடி கடைநிலையில் நியமனம் என்று தொழிலாளரைச் சுழற்றும் இக்காலத்து நிறுவன நியாயம் இதிலே அப்படியே பதிந்துள்ளது. விளையாட்டு சுவையற்றது என்று நாம் கூறவில்லை. சுவையானதாக இருப்பதே ஆபத்து.

இவ்விடத்தில் முற்போக்கு அணியைச் சார்ந்த நாம் நம் சொற்களையும் கொஞ்சம் திருப்பிப் பார்க்கவேண்டியுள்ளது. 1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றிய நாள் முதல், முற்போக்கு, பிற்போக்கு என்னும் இணை நமது விமரிசனத்தின் அச்சாணியாக இருந்துவந்தது. அது செய்த பணி பெரிது. அதனைக் கைவிடவேண்டும் என்பாருடன் நமக்கு உடன்பாடில்லை. ஆனால், பின்னோக்கிச் செல்வது யாவும் பிற்போக்கு என்னும் பழக்கம், கூத்தை மீட்டெடுத்த முயற்சியையும் சிலவேளைகளில் ஐயத்துடன் நோக்கச் செய்தது. பழைய வடிவத்துக்குத் திரும்பிய பேராசிரியர் சு. வித்தியானந்தனின் கூத்துத் தயாரிப்புகள் பேராதனையில் இருந்தே தோன்றின. அத்திரும்புதலிலிருந்துதான் பின்வந்தோரின் புதிய நாடகமும் தன் உடலைப் பெற்றது. இறங்கியது ஏறுவதற்காக என்று இதனைச் சுருக்கினும் அது குறையே. இறங்கிய இடத்தில் உணவு இருந்தது என்பதே சரியானது.

2020இல் வந்த ‘லாஸ்ட் எவொலூஷன் கிசுனா’ திரைப்படம் முதற்றொடரின் சிறுவர்களை இருபது வயது கடந்தவர்களாகக் காட்டுகிறது. பிள்ளை வளர்ந்துவிட்டால் அதனுடைய டிஜிமொன் மறைந்துவிடும் என்பது அதில் விதியாக்கப்படுகிறது. தாய்ச்சியும் அகுமொனும் கடைசி முறையாக உரு மாறிப் பொருதுகின்றனர். பின்னர் அகுமொன் திரும்பவும் அகுமொனாகவே அவனருகில் அமர்ந்து பேசி, பேச்சு முடியுமுன்னரே இல்லாமற் போகிறது. படம் இதனை இயற்கையின் விதியாக ஏற்கும்படி கேட்கிறது. பார்த்தோர் பலர் கண்ணீருடன் ஏற்றுக்கொண்டனர். நமக்கோ இவ்விதி எழுதப்பட்ட விதத்தில் ஐயமுண்டு. இருபது ஆண்டுகள், எவ்வளவு உயர்ந்தாலும் திரும்பலாம் என்று கூறிவந்த கதை, வேலை தேடும் வயது வந்ததும், மனிதர் திரும்பமுடியாது என்கிறது. இயற்கையா இவ்வாறு கூறுகிறது, வேலைச் சந்தையா என்று படம் கேட்கவில்லை. அகுமொன் இருந்த இடத்தில், தாய்ச்சி இன்னும் எழுதி முடிக்காத பட்டப்படிப்பு ஆய்வேடு மட்டும் எஞ்சுகிறது.